மறையும் இடத்தில் நிறுத்தவும்

ஓசூர் கம்பெனி பஸ் அவளை
ராயக்கோட்டை ரோட்டு முக்கில் இறக்கிவிடும்போது
காலை ஆறு ஐம்பது.
குளியல், இரண்டு இட்லி, படுக்கை.
அவளுக்கு இருட்டு வேண்டும், தூங்க.
எனக்கும் இருட்டு வேண்டும்,
திரையைச் சரிபண்ண.
இருப்பது ஒரே அறை.
இந்த ஒன்றில்தான் எங்களுக்குள் சண்டை இல்லை.

ஜன்னலை ஒரு ஃப்ளெக்ஸ் வைத்து அடைத்திருக்கிறேன்.
போன வருஷத்து மாங்கனிக் கண்காட்சி.
கறுப்பு முதுகு எங்களுக்கு,
மாம்பழங்கள் தெருவுக்கு.
எதிர்வீட்டு நசீமா அக்கா
எங்கள் மல்கோவாவைப் பார்த்துக்கொண்டேதான்
தினமும் பல் விளக்குகிறார்.

மானிட்டர் புதிது. இரண்டு தவணை கட்டியாயிற்று.
ஆயிரம் நிட் என்றது அட்டைப்பெட்டி,
பெண் பார்க்கப் போன அன்று
மாமா என் சம்பளத்தைச் சொன்ன மாதிரி.

வெள்ளைக்குள் வெள்ளையாய்ச் சில சதுரங்கள்.
கீழே ஒரு வரி:
வடிவம் மறையும் இடத்தில் நிறுத்தவும்.
ரேடியோவோ கண்ணாடிக் கடைக்காரரோ
தெளியும்வரை திருகத்தான் சொல்வார்கள்.
இது மட்டும்
தெரியாமல் போகும் இடத்தைக் கேட்கிறது.

நகர்த்துகிறேன். முந்நூறு. முந்நூற்று எண்பது.
பாலிஷ் போட்ட கிரானைட் பலகையில்
உச்சி வெயில் விழுந்தது போல ஓரங்கள் கரைகின்றன.
நானூற்று இருபதில் ஒன்றுமில்லை.
சரி என்பதை அழுத்தப் போனேன்.

"இன்னும் தெரியுது."

தூங்கிவிட்டாள் என்றிருந்தேன்.
ஒருக்களித்து, ஒரு கண் மட்டும் தலையணைக்கு வெளியே.
"எங்க?"
"கீழ்வரிசை. நடுவுல, மங்கலா."

முனிலட்சுமிக்கு வேலையே அதுதான்.
செல்போன் திரைகள் வரிசையாக வரும்.
ஒன்றுக்கு நாலு விநாடி.
செத்த புள்ளி இருந்தால் சிவப்புத் தட்டு.
ஷிஃப்டுக்கு ஆறாயிரம்.
கண்ணை மூடினாலும் ஓடுது என்பாள்.

நானூற்று அறுபது. "இருக்கு."
ஐந்நூற்றுப் பத்து. "ம்... இருக்கு."
எனக்கு எப்போதோ வெறும் வெள்ளை.
ஐந்நூற்றுத் தொண்ணூறில் "போயிடுச்சு" என்றாள்,
யாரோ பஸ் ஏறிப் போனதைச் சொல்வது போல.

அப்படியென்றால்
நானூற்று இருபதிலிருந்து ஐந்நூற்றுத் தொண்ணூறு வரை
இந்த அறையில் ஒரு வெளிச்சம் இருக்கிறது,
நான் போகாத தெரு.
கல்யாணத்தன்று என் வெள்ளைச் சட்டையில்
வெள்ளைக் கோடு இருந்ததென்று
அவள் இன்றுவரை சாதிப்பது
பொய்யில்லை போலிருக்கிறது.

அவள் எண்ணையே வைத்தேன்.

அடுத்தது கறுப்பு. கேமைத் திறந்தேன். குகை.
மூலையில் நிற்பவனைப் பார்க்காமலே
நேற்று மூன்று முறை செத்த இடம்.
கறுப்பை ஏற்றினால் அவன் தெரிகிறான்,
குகைதான் சாம்பல் பூசிக்கொள்கிறது.
இறக்கினால் குகை குகையாக இருக்கிறது.
நான் சாகிறேன்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு முடியளவு இடம்.
அங்கே கொண்டுவந்து நிறுத்தி
கையை எடுத்தபோது
கரண்ட் போனது.

அதுவரை கறுப்பு என்று நான் நம்பியது
சாம்பல்தான் என்று அப்போது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் ஒன்று.
ஃப்ளெக்ஸில் ஆணி கழன்ற ஓட்டை வழியாக
ராயக்கோட்டை ரோடு,
கையகலத்தில், தலைகீழாக.
கூரையைக் கீழே வைத்து ஒரு டவுன் பஸ் ஊர்ந்தது.
நசீமா அக்கா வீட்டுப் பச்சைக் கதவு
மேலிருந்து தொங்கியது.
தக்காளிக் கிரேடோடு யாரோ, கால் மேலாக.
பச்சை பச்சையாகவே இருந்தது.
நான் எதையும் நகர்த்தவில்லை.

"பாரேன்" என்றேன்.
பார்த்தாள்,
நாலு விநாடிக்கு மேலேயே.
"நல்லாத்தான் இருக்கு.
அதையும் கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

இன்சுலேஷன் டேப்பைத் தேடி எடுத்து
ஸ்டூல் மேல் ஏறினேன்.
என் தலை மறைத்தது, ஓரமாக நகர்ந்தேன்.
இந்த பஸ் முழுசாகப் போகட்டும் என்று நின்றேன்.
பின்னாலேயே இன்னொன்று வந்தது.