எதையும் திறக்காத சாவி

பிரபு எர்ட்மான் ஃபொன் லோசன்
நேற்று விளக்கேற்றும் நேரத்தில் இறந்துபோனார்.
இன்று காலை ஏழு மணிக்கு
மெழுகும் முத்திரையுமாக நான் வந்துவிட்டேன்.
கருவூலத்துக்கு அவர் பட்ட கடனுக்கு
அவரைவிட ஆயுள் கெட்டி.

பொய்முடிகள் பதினான்கு.
மாவு தூவியவை பன்னிரண்டு.
தூவாத இரண்டை எனக்கு முன்பே தெரியும்.
ரொட்டி இல்லாத அந்தக் குளிர்காலத்தில்
தலைக்கு மாவு கூடாதென்று ஆணை எழுதியவர்
முதல் ஆளாய்
கறுத்த மயிரோடு அவைக்குள் நடந்தார்.
சீமாட்டிகள் விசிறிக்குப் பின்னால் சிரித்தார்கள்.
என் அம்மா அந்த மாவில் கஞ்சி காய்ச்சினாள்.
எழுதிக்கொள்கிறேன்:
இரண்டு, பூச்சி அரித்தவை.

பொன் சாவி ஒன்று, நீலப் பட்டுக் குஞ்சத்தோடு.
அந்தரங்க அறைப் பிரபு என்பதற்கு அடையாளம்.
முப்பத்தோரு வருடம் இடுப்பில் தொங்கியது.
எந்தப் பூட்டிலும் நுழையாது,
பற்கள் வெறும் அலங்காரம்.
அதைக் காட்டினால் போதும்,
கதவு திறக்க வேறொருவன் ஓடி வருவான்.
என் பையில் கிடக்கிற இரும்புச் சாவி
இந்த மாளிகையின் எல்லாக் கதவையும் திறக்கிறது.
எனக்கு யாரும் தொப்பி கழற்றுவதில்லை.

மூன்று சிற்றரசர்களுக்கு முதுகு வளைத்தவர்.
முதலாமவருக்கு வேட்டை பிடித்தது,
இவருக்கும் பிடித்தது.
இரண்டாமவருக்குக் கட்டடம்.
இவர் கனவிலும் தூண்களை எண்ணினாராம்.
மூன்றாமவருக்கு ஜெபம்,
முட்டி மடங்காத வயதில்
கல்தரையில் முழங்காலிட்டு
எழ முடியாமல் அங்கேயே இருந்ததை
பக்தி என்று எல்லாரும் மெச்சினார்கள்.

கணக்கேடுகள், தோல் அட்டை, ஒன்பது.
ஆறாவதில் நடனக்கூடத்தின் விதானம் இருக்கிறது.
ரோஜா நிற மேகம், தடித்த குழந்தைகள்,
குதிரையை வானத்தில் ஓட்டும் ஒரு தேவன்.
எதிர்ப்பக்கத்தில் வரவு:
வெனிஸ் குடியரசுக்கு வாடகைக்கு விட்ட காலாட்கள்,
எண்ணூறு. தலைக்கு இவ்வளவு தாலர்.
மூன்று காயம் ஒரு சாவுக்குச் சமம்
என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.
பெயர்கள் இல்லை.
வேல்ட்டன் என்று யாரையும் தேட முடியாது.
கிரேக்கக் கரையில் காய்ச்சலில் போனவன்
எண்ணூறுக்குள் எங்கோ இருக்கிறான்,
என் அண்ணன்.
கையெழுத்து மட்டும் அவ்வளவு அழகு.
லோசனின் முதல் எழுத்து
அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து நிற்கும்.
அதைப் பார்த்துப் பார்த்துத்தான்
நான் எழுதவே பழகினேன்.
இந்தப் பட்டியலிலும் அந்த வளைவு வருகிறது,
தடுக்க முடியவில்லை.

மேசையின் கடைசி இழுப்பறை.
பழைய மனுக்காகிதத்தில் சுற்றி
எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள்,
நாற்பத்துமூன்று.
ஏவல் பையன்களுக்கு அதுதான் கூலி என்றாள்
சமையல்கட்டு டோரத்தேயா.
பத்து வயதில் சிற்றரசரின் படுக்கையறை வாசலில்
நின்றுகொண்டே தூங்கிய பையன் அவர்.
எல்லாரும் துண்டுகளை விற்றுப் பழம் வாங்குவார்கள்.
இவர் விற்கவில்லை.
மாளிகை முழுக்கச் சரவிளக்கு எரிந்த நாளிலும்
தூக்கிப் போடவில்லை.
ஒருநாள் விரட்டிவிடுவார்கள் என்று
அவருக்குத் தெரிந்திருக்கலாம்.
அல்லது அப்படி ஒரு பெட்டி இருப்பதே மறந்திருக்கலாம்.
எந்தத் தலைப்பின்கீழ் இதை எழுதுவது?
வெள்ளிச் சாமானா, குப்பையா?

பதினேழு கதவுக்கு முத்திரை வைத்தாயிற்று.
பதினெட்டாவதற்கு என் மெழுகு தீர்ந்துபோனது.
அவருடைய துண்டு ஒன்றை எடுத்து
கரண்டியில் உருக்கினேன்.
தேன் வாசனை வந்தது.

வெளியே வண்டியில் ஒருவர் காத்திருக்கிறார்.
புதுப் பொய்முடி, புது மாவு.
ஜன்னலை இறக்கி இடுப்பைத் தடவியபடி
கேட்கிறார்:
சாவியை எழுதிவிட்டாயா?
நாற்பத்திரண்டு என்று
நான் திருத்திக்கொண்டிருந்தேன்.