முகவரிக்கு ஒரு கட்டம்

ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் எந்நாளும் பதினெட்டு டிகிரி,
காகிதத்துக்குப் பிடித்த குளிர்.
நான் மேலங்கியைக் கழற்றுவதில்லை.

மார்ச் முடிவதற்குள் ஆறாயிரத்துச் சொச்சம் தத்துக் கோப்புகள்
கணினிக்குள் போயாக வேண்டும்.
ஊக்கைப் பிடுங்கு, துருவைத் தட்டு,
மடிப்பை நீவு, ஸ்கேன் செய்,
சரிபார், பெட்டியை மூடு.
மூடிய பெட்டி அரைக்கும் இயந்திரத்துக்கு.
வந்த முதல் நாளே டோரீன் சொல்லிவிட்டாள்:
"படிக்காதே. படித்தால் முடியாது."
முடிக்க முடியாது என்றாளா
தாங்க முடியாது என்றாளா,
நான் கேட்கவில்லை.

பெயர்களை வெளியே சொல்லக் கூடாது;
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
ஆகவே அவள் எனக்கு 61-0417.
பிள்ளைக்கு அப்போது வயது பதினோரு நாள்.
தந்தை: தெரியாது என்று தட்டச்சு.
பக்கத்தில் நீல மையில், சின்னதாக: தெரியும்.
கீழே இரண்டு கையொப்பங்கள்.
பெற்றவள்.
பெற்றுக்கொண்டவள்.
படிவத்தின் மொழியில் அவை வேறு வேறு சொற்கள்.
என் மொழியில் ஒரே வினைச்சொல்
இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து
நடுவில் கொஞ்சம் இடம் விடுகிறது.

அதற்குப் பிறகு கோப்பில் இருப்பதெல்லாம் அட்டைகள்.
முகவரி மாற்ற அறிவிப்பு, மஞ்சள் நிறம்,
பத்தொன்பது.
மூஸ் ஜா, பேக்கரிக்கு மேல் மாடி.
யார்க்டன், பின்வாசல் வழியாக வரவும்.
ஸ்விஃப்ட் கரண்ட். மறுபடி மூஸ் ஜா.
இடையில் குடும்பப்பெயர் மாறுகிறது,
ஐந்து அட்டை தள்ளிப் பழைய பெயருக்கே திரும்புகிறது.
காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி:
யாராவது கேட்டால்.
கடைசி அட்டை வேறு யாரோ எழுதியது,
முதியோர் இல்லம், அறை 12.
கையொப்பம் மட்டும் அவளுடையது,
நடக்கப் பழகும் பிள்ளைபோல்
தத்தித் தத்திக் கோட்டிலிருந்து இறங்குகிறது.

யாரும் கேட்கவில்லை.

புதிய மென்பொருளில் முகவரிக்கு ஒரு கட்டம்தான்.
பழையவை நீக்கப்பட வேண்டும்.
குறிப்பு என்றொரு பெட்டி உண்டு,
இருநூற்றைம்பது எழுத்து கொள்ளும்.
ஊர்களைச் சுருக்கி, தெருக்களைச் சுருக்கி
ஒன்பதாவது வீட்டில் இடம் தீர்ந்தது.
பின்வாசலை மட்டும் நான் சுருக்கவில்லை.

அடியில் ஒரு படிவம், எண்பத்தொன்பதாம் ஆண்டு.
அலுவலகம் எல்லோருக்கும் அனுப்பியது,
மகள் நிரப்பித் திருப்பியது. வயது இருபத்தெட்டு.
தொடர்பு வேண்டாம்: பக்கத்தில் ஒரு கட்டம்.
ஸ்கேனில் கட்டம் வெறுமை.
காகிதத்தைச் சாய்த்து விளக்கடியில் பிடித்தால்
உள்ளே ஒரு குறி,
பென்சிலால் அழுத்திப் போட்டு
ரப்பரால் அதைவிட அழுத்தி அழித்தது.
காகிதம் அங்கே மெலிந்து
பூனைமுடிபோல் எழும்பியிருக்கிறது.

மென்பொருள் கேட்கிறது: ஆம்? இல்லை?

டோரீனைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தாள்.
"அழித்திருந்தால் இல்லை என்றுதான்."
பிறகு, "அழித்தது யார்?"
மகளா, வளர்த்தவளா,
இந்த நாற்காலியில் எனக்கு முன் உட்கார்ந்திருந்த
நல்ல மனசுக்காரி ஒருத்தியா?
மேலே தொலைபேசி அடித்தது; போய்விட்டாள்.

ஆம், இல்லை இரண்டையும் தொடாமல்
அசலைப் பார்க்கவும் என்று தட்டினேன்.
திரை சிவந்து சேமிக்க மறுத்தது.
மறுபடி தட்டினேன். மறுபடி சிவந்தது.
அரைக்கும் பெட்டிக்குள் இன்று எதுவும் போகவில்லை.

என் பேருந்து ஐந்து ஐம்பதுக்கு.
அட்டைகளை ஊர்வாரியாக அடுக்கினேன், பிறகு கலைத்து ஆண்டுவாரியாக.
அழித்த படிவத்தை மேலே வைத்து
அதன் மேல் என் கையுறைகளில் ஒன்றை வைத்தேன்,
காற்றே வராத பூட்டிய அறையில்
பறந்துவிடும் என்பதுபோல்.

நிறுத்தம் வரைக்கும்
ஒரு கை சட்டைப்பைக்குள்.