விழுங்கும்போது

தண்ணீர் ஒரு மடக்கு.
தழும்பும் கூடவே ஏறி இறங்குகிறது,
தோலுக்கு அடியில் எவரோ
நூல் கட்டி இழுப்பதுபோல்.

"பிடிச்சு இழுக்காதீங்கக்கா.
ரெண்டு விரல வச்சு
மேலயும் கீழயும் நகத்துங்க, போதும்."
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி சொன்னாள்.

நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுருட்டும் விரல்கள்.
மெதுவாகப் போகத் தெரியாது அவற்றுக்கு.
முதல் வாரம் கழுத்தையும்
இலை என்றே நினைத்தன,
முடிச்சுப் போட இடம் தேடின.

மேலப்பாளையத்தில் கரண்ட் போன மத்தியானம்,
தேங்காயெண்ணெய் தொட்டு, கண்ணாடி இல்லாமல்,
எண்ணாமல் தேய்த்தேன்.

பிறகு இடியாப்பம், பாலில் ஊறியது.
தொண்டையில் நின்றது. யோசித்தது.
போனது.

தோல்
இருந்த இடத்திலேயே இருந்ததா?
மகளிடம் கேட்டேன்.

"சரியாப் பாக்கல உம்மா,
இன்னொரு வாய் விழுங்கு."