புள்ளி நாற்பத்திரண்டு

முதல் பாட்டரி கார்த்திகையில் செத்தது.
இரண்டாவதை போச்சம்பள்ளிச் சந்தையன்று வாங்கினேன்,
ஐயாயிரத்து இருநூறு, பழையதற்கு எண்ணூறு கழித்து.
தை பிறப்பதற்குள் அதுவும் ‘டிக்’ என்றது.
வெறும் ‘டிக்’.
சாவியைத் திருப்பத் திருப்ப
சுவர்ப்பல்லி மாதிரி அந்த ஒரே சொல்.

தினம் ஓட்டினால் தொந்தரவில்லை.
மூன்று நாள் சும்மா விட்டால் பிணம்.

அதனால் மேட்டில் நிறுத்தப் பழகினோம்,
மூக்கு சரிவைப் பார்க்க,
சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்.
கல்லை உருவுவது திம்மராயன் வேலை,
கிளட்சை விடுவது என்னுடையது.
பாதிச் சரிவில், இரண்டாம் கியரில்,
உதறிக்கொண்டு எழும் எங்கள் குட்டி டிராக்டர்.
சந்தூர்க் கரடு எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம்
அந்தச் சரிவு.

டைனமோ போயிருக்கும் என்றார் ஷபீர்,
வண்டியைப் பார்க்காமலே.
நாத்தனார் ஸ்டியரிங்கில் எலுமிச்சம்பழம் கட்டினாள்.
மறுநாளே ஆடு தின்றது.

மாம்பூவில் தத்துப்பூச்சி இறங்கிய வாரம்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மீட்டர் ஒன்று வாங்கினேன்.
வண்டி ஓடும்போது முனையில் வைத்தால்
பதினான்கு புள்ளி ஒன்று.
சோறு போகிறது, வயிறு வாங்குகிறது.
அப்புறம்?

இன்ஜினை அணைத்துச் சாவியை இடுப்பில் செருகி
நெகட்டிவ் வயரைக் கழற்றி
வயருக்கும் முனைக்கும் நடுவில்
மீட்டரை உட்காரவைத்தேன்.
தூங்குகிற வண்டி பூஜ்யம் காட்ட வேண்டும்.
காட்டியது புள்ளி நாற்பத்திரண்டு ஆம்பியர்.
யாரோ குடிக்கிறார்கள்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஹாரன் இல்லை. முன்விளக்கு இல்லை.
நான்கும் உள்ளங்கைக்கு வந்த பிறகும்
எண் அசையவில்லை.
மணி ஒன்பது.
திம்மராயன் டார்ச்சைப் பிடித்தபடி
நின்றுகொண்டே தூங்கினார்.
வெளிச்சம் மெல்லச் சரிந்து என் முழங்காலுக்கு வந்தது.

அப்போது பூனை வந்தது.
யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் பூனை.
பனி விழத் தொடங்கிய நாளிலிருந்து
சீட்டை விட்டு, பானட்டை விட்டு,
பின்னாலிருக்கும் டூல்ஸ் பெட்டியின்மேல்தான் படுக்கும்.
அது ஏறுவதற்குள் மூடியில் கை வைத்தேன்.
தை மாத ராத்திரியில்
தகரம் வெதுவெதுப்பாக இருந்தது.

திறந்தால் உள்ளே குண்டுமணி போல் ஒரு பல்ப்.
வண்டியை விற்றபோது
பேரிகை பைரப்பன் பெருமையாய்த் திறந்து காட்டியது.
திறந்தால் எரியும், சரி.
மூடினால் அணையும் என்று
யார் உள்ளே இருந்து பார்த்தார்கள்?

போனில் வீடியோவை ஓடவிட்டு
ஸ்பேனர்களுக்கு நடுவே சாய்த்து வைத்து
மூடினேன். முப்பது எண்ணினேன்.

படத்தில் முதலில் என் தாடை.
மூடி இறங்குகிறது.
இருட்டு வரவில்லை.
கிரீஸ் டப்பா, பைரப்பன் மறந்த பீடிக்கட்டு,
மூலையில் கால் மடக்கிய சிலந்தி,
எல்லாம் கல்யாண வீட்டு வெளிச்சத்தில்.
‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது’ என்று
நான் எண்ணுவது
கிணற்றுக்கு மேலிருந்து கேட்பதுபோல் கேட்கிறது.

மூடியின் ஓரம் எப்போதோ அடிபட்டு வளைந்து
அழுத்த வேண்டிய பொத்தானை
அரை விரற்கடை எட்டவில்லை.
அவ்வளவுதான்.
அதற்கு ஐயாயிரத்து இருநூறு.

பல்பைக் கழற்றினேன், விரல் சுட்டது.
பூஜ்யம். தட்டிப் பார்த்தேன். பூஜ்யம்.
‘டைனமோவா?’ என்று விழித்தார் திம்மராயன்.
பூனையைக் கேளுங்கள் என்றேன்.

விடிந்ததும் தள்ளி எழுப்பி
செந்தூராவில் தொடங்கி பெங்களூரா வரைக்கும்
மருந்தடித்தோம்.
பிறகு நான்கு நாள் தொடவேயில்லை.
பூனை கோழிக்கூண்டுப் பக்கம் இடம் மாற்றிக்கொண்டது,
என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது.

ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினேன்.
முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.
பழக்கத்தில்
கல்லை எடுக்கக் குனிந்திருந்தார் அவர்.