அரைக் கட்டை கீழே

கெண்ட் நகரத்து சிம்பொனியில்
அவள் வாங்கிய கடைசிச் சம்பளக் கவருக்குள்
ஒரு குறிப்பும் இருந்தது:
'முதல் வயலின்கள், மூன்றாம் வரிசை.
ஒரு கை மட்டும் நடுங்குவதில்லை.'

உண்மைதான்.
பதினைந்து இடக்கைகள் நடுங்கி நடுங்கி
ஒரே சுரத்துக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருக்க
ஹெட்விக் தெர்லிங்க் விரலை வைத்தால்
வைத்ததுதான்.

நான் ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்ப்பவன்.
வேனும் ஓட்டுவேன்.
கச்சேரிக்கு முன்னால் ஒரு மணி நேரம்,
இடைவேளையில் பதினைந்து நிமிடம்,
அவ்வளவுதான் நான் மேடையில் நிற்பது.
மற்ற நேரமெல்லாம் தூணுக்குப் பின்னால்
ஃபிளாஸ்க்கும் இசைக்கவையுமாக
இருபத்தெட்டு வருடம்.

ஊரெல்லாம் ஏற்றி வைத்திருந்த சுருதிக்கு
அரைக் கட்டை கீழே அவள் குடியேறினாள்.
முன்னூறு வருடத்துக்கு முந்தைய வீடு அது,
வாடகை குறைவு,
குளிர் அதிகம்.

முதல் கச்சேரி எக்லோவில்,
பீட்ரூட் கிடங்கில்.
வாசிக்க ஆறு பேர், கேட்க நாலு பேர்.
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
ஆட்டுக்குடல் தந்தி ஈரத்தில் ஊதி
இரண்டாவது பாகத்தில் அறுந்து
அவள் கன்னத்தில் கோடு போட்டது.
மீதி மூன்று தந்தியில் முடித்தாள்.
மழைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.
மழை எப்போதோ விட்டிருந்தது.

'பூனையைப் பழைய முறைப்படி வதைத்தார்கள்'
என்று எழுதியது பத்திரிகை.
அதை வெட்டி வயலின் பெட்டியின் மூடிக்குள்
ஒட்டிக்கொண்டாள்.
பின்னால் வந்த நல்ல வார்த்தைகள் எதற்கும்
அங்கே இடம் கிடைக்கவில்லை.

கோல் பிடித்ததில்லை.
மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள்.
இருபத்திரண்டு வில்கள் அந்த மூச்சில் இறங்கும்.
பாஸ்வாசிக்கும் ரோம்பவுட்,
கல்லைக் கட்டி இழுப்பதுபோல் வாசிப்பவர்,
அவரைப் பார்த்து ஒருநாள் சொன்னாள்:
"இது நடனம், ஐயா. இடுப்பு இருக்கிறதா?"
"இரண்டு முறை அறுவை செய்திருக்கிறது" என்றார்.
"நல்லது. புதிய இடுப்பால் வாசியுங்கள்."

இசைத்தட்டுகள் வந்தன. விமானங்கள் வந்தன.
வேனுக்கு ஹீட்டர் வந்தது.

சுண்டுவிரல் தானாக மடங்கத் தொடங்கியதை
அவள் யாருக்கும் சொல்லவில்லை.
தாள்களைப் பொறுக்கி அடுக்குகிறவன் நான்.
நாலு என்று இருந்த இடங்களை அழித்து
மூன்று, மூன்று, மறுபடி மூன்று என்று
பென்சிலால் திருத்தியிருந்தாள்.
அடுத்த பருவத்தில் சில பக்கங்களுக்கு
திருத்தமே இல்லை.
அந்தப் பக்கங்களை வேறொருத்தி வாசித்தாள்.
ஹெட்விக் எதிரே நின்றாள், வெறுங்கையோடு,
பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு
இறங்கியவள் மாதிரி.

போன நவம்பரில் பழைய சிம்பொனி அழைத்தது.
நடத்துவதற்கு.
சுருதியை இறக்க முடியாது என்றார்கள்,
ஓபோக்காரர்கள் ஒப்பமாட்டார்கள் என்று.
சரி என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒத்திகையில் ஒரே ஒரு வேண்டுகோள்:
"விரலை வையுங்கள். வைத்தபின் விட்டுவிடுங்கள்."
ஒவ்வொரு கையாக அடங்கியது.
பாதிப் பேர் அவள் போனபின் பிறந்தவர்கள்.
சுரம் எழுந்து நின்றது,
சட்டை போடாத குழந்தை மாதிரி,
வெட்கமில்லாமல்.

அவ்வளவு அசையாத கைகளுக்கு நடுவே
ஒன்று மட்டும் நடுங்கியது.
தொடையோரம் தொங்கிய அவள் இடக்கை.
அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
மூச்சு இழுத்தாள்.

இரவு வேனில் அபராதச் சீட்டு செருகியிருந்தது.
முப்பது நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில்
ஆறு மணி நேரம் நிறுத்தியிருக்கிறேன்.
பாதி அவள் கொடுத்தாள்.
ஆல்ஸ்ட் தாண்டியதும் கண்ணை மூடியபடியே கேட்டாள்:
"இந்த எஞ்சின் என்ன சுருதி?"

தெரியாது என்றேன்.
தெரியும்.