பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு

ஏற்காட்டுச் சாலை, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு.
கம்பத்தில் கேமரா, காருக்குள் நாங்கள்.
கீழே சேலம்,
யாரோ கைதவறிக் கொட்டிய ஜவ்வரிசியாய் வெளிச்சம்.
மணி இரண்டே முக்கால்.
ரிஸ்வானா முன்சீட்டில் உறங்கிவிட்டாள்.

இருபத்தேழு வருஷம் என்ன செய்தாய் என்று
யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன்:
கருப்பூர் கல்லூரியில் செருப்பைக் கழற்றிவிட்டுக்
கணினி அறைக்குள் போனவள் நான்.
ஏசி கணினிக்காக. எங்கள் மேலும் கொஞ்சம் பட்டது.

பிறகு ஆறு வருஷம்
சொற்கள் புணரும் விதிகளை எழுதினேன்,
ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.
'பலகை' என்றால்
மரமா, பல கைகளா என்று
என் நிரல் நின்று யோசிக்கும்.
அந்த யோசனையில் எனக்கொரு பெருமை.

ஒரு கோடையில், யாரோ, எங்கோ,
விதியே தெரியாத ஒரு வலைப்பின்னலுக்குப்
பழைய செய்தித்தாள்களைத் தின்னக் கொடுத்தார்கள்.
அது பிரித்தது. யோசிக்கவில்லை.
முனைவர் பட்டத்தை நகைப்பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
அழவில்லை.
இரண்டு நாள் மல்கோவா மட்டும் தின்றேன்.
நாற்பத்தோரு வயதில்
என் மாணவர்கள் உட்கார்ந்த பெஞ்சில்
நானும் போய் உட்கார்ந்தேன்.

இப்போது காட்டெருமை.
போன தையில் இந்த வளைவில்தான்
எஸ்டேட் ஜீப் மோதியது. மாடும் போனது.
ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு.

வனக்காவலர் வெள்ளையன்
பதினோராயிரம் படங்களுக்குப் பெயர் குறித்துத் தந்தார்.
இருட்டில் கறுப்பாய்த் தெரிவதையெல்லாம்
எருமை என்றது எங்கள் இயந்திரம்:
தார் டிரம்,
மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக்,
ஒருமுறை, மழைக்கோட்டில், வெள்ளையனையே.
அவர் சிரித்தார்.
நான் சிரிக்காமல் அன்றிரவு முழுக்க
படங்களைத் திரும்ப எண்ணினேன்.

இனி ஒரே ஒரு எண்தான் பாக்கி.
எவ்வளவு நிச்சயம் இருந்தால்
சாலையில் சிவப்பு எரிய வேண்டும்?
புள்ளி ஒன்பது என்றால்
பனிக்குள் நிற்கிற மாடு கணக்கில் வராது.
புள்ளி மூன்று என்றால் நாய்க்கும் எரியும்,
மூன்றாம் வாரம் ஒரு டிரைவரும் மதிக்க மாட்டார்,
விருந்தாளி வருகிறார் என்று
தினமும் கரைகிற காக்காயை யார் நம்புவார்?
கணிதத்தைக் கேட்டால்
ஒரு உயிர் எத்தனை பொய் எச்சரிக்கைக்குச் சமம்,
அதை நீ சொல், மிச்சத்தை நான் கூட்டுகிறேன் என்கிறது.

சிங்கப்பூர் வேலையை
எழுபது சதம் நிச்சயத்தில் வேண்டாம் என்றேன்.
கல்யாணத்துக்கு நாற்பதிலேயே தலையாட்டினேன்.
இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வழியில்லை இரண்டையும்.

தற்காலிகமாகப் புள்ளி ஆறு போட்டிருந்தேன்.
பனி இறங்கியது.
திரையில் ஒரு கட்டம் துடித்தது: 0.58.
எட்டாவது வளைவில் பால் வண்டியின் விளக்கு.
ஆறை அழித்து ஐந்தரை அடித்தேன்.
சிவப்பு எரிந்தது.
வண்டி கிறீச்சிட்டு நின்றது.
"என்னம்மா?" என்று தலையை நீட்டினார் டிரைவர்.
பனியைப் பார்த்தேன். பனிதான் இருந்தது.
"மெதுவாப் போங்க" என்றேன்.

விடிந்ததும் ரிஸ்வானா கேட்டாள்,
இந்தப் படத்துக்கு என்ன பேர் போட, மேடம்?
உண்டு, இல்லை என்று
இரண்டே பொத்தான்தான் வைத்திருந்தோம்.