மேலே போக

வேதமுத்துவுக்குத் திங்கள்தான் லீவு.
கலங்கரை விளக்கத்துக்கும் திங்கள்தான் லீவு.
இந்த ஒரு பொருத்தத்திலேயே
மூன்று வருஷம் ஓடிவிட்டது எங்களுக்கு.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு:
பெரியவர் இரண்டு, சிறியவர் ஒன்று,
கேமராவுக்குத் தனி.
செல்போனும் கேமராவா என்பது
கவுண்டரில் இருப்பவரின் அன்றைய மனசு.
போன மாதம் பிளெஸ்ஸிக்குச்
சிறியவர் வயது தாண்டிவிட்டது.
அடித்துத் திருத்தினேன்.

அண்ணா நகர் டவரைத் திறந்துவிட்டார்களாம்,
ரெஜினா சொன்னாள்.
இத்தனை வருஷம் ஏன் பூட்டியிருந்தார்கள் என்று
பிள்ளை கேட்டது.
பெயின்ட் அடிக்க, என்றேன்.
போனோம். சுற்றிச் சுற்றி ஏறும் பாதை,
ஓரமெல்லாம் கம்பி வலை.
நாலாவது சுற்றில் குறுக்கே கயிறு:
இன்று இதுவரை மட்டும்.
யாரிடம் கேட்பது, கயிற்றிடமா?

பரங்கிமலைக்குக் காசில்லை,
முழங்கால்தான் வேண்டும்.
என்னிடம் அது சில்லறையாகத்தான் இருக்கிறது.
ஏறி முடித்தபோது
கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார் வாட்ச்மேன்.
எங்களைவிடத் தாழ்வாக
ஒரு விமானம் இறங்கிப் போனது.
அதற்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் இவர் தினமும் உயரத்தில்தான்.
பழைய மகாபலிபுரம் சாலையில்
இருபத்திரண்டு மாடிக்குக் கண்ணாடி துடைக்கிறார்.
கயிறு, பலகை, வாளி.
மேலேயிருந்து ஊர் எப்படி இருக்கும்?
"முதுகுக்குப் பின்னால இருக்கும்."
கடல்?
"துடைச்ச இடத்துல தெரியும்.
வானம் தெளிஞ்சா ஹார்பர் கப்பல்கூட,
வலது கைப்பக்கம்."

கடைசியில் ஒரு வியாழன்,
சூப்பர்வைசரிடம் கெஞ்சி.
அந்த நாளின் கூலியையும்
கணக்கில் சேர்த்துக்கொண்டேன்,
சீட்டைவிட அதுதான் பெரிய தொகை.
பையைக் கீழே வைக்கச் சொன்னார்கள்,
தண்ணீர் பாட்டிலையும்.
லிஃப்டில் பிளெஸ்ஸி காதைப் பொத்திக்கொண்டாள்.

காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது.
இவர் கம்பியைப் பிடித்தபடி
"ஹார்பர் அதோ" என்று
வலது பக்கம் கை நீட்டினார்.
அங்கே பட்டினப்பாக்கம் இருந்தது,
கூரைகள், காயும் துணிகள்.
"அப்பா, அந்தப் பக்கம்" என்றாள் பிள்ளை.
இடது பக்கம் திரும்பினார்.
கிரேன்கள், வரிசையாய்க் கப்பல்கள்.
தன் உள்ளங்கைகளை
ஒருமுறை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்.
அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.
ரொம்ப நேரம் என்றால்
பத்து நிமிஷம். அதற்குள் விசில்.

இறங்கி வந்தபோது
கவுண்டரில் புதுப் பலகை
மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
நான் படிக்கவில்லை.
பிளெஸ்ஸி எழுத்துக் கூட்டிச்
சத்தமாகப் படித்தாள்.
இவர் பலகையின் கண்ணாடியில்
ஓரத்துத் தூசியைக்
கட்டைவிரலால் துடைத்தார்.